ஆற்றோரப் புஞ்சையும் ஆற்றின் வளைவும்

(விருதுநகர் மாவட்டத்தில் ஆற்றோர நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். கோயிலுக்கு ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, மறுபக்கம் வைப்பாறு. அர்ச்சுனன் அம்பு எய்து உண்டாக்கிய நதி என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அம்பு என்றால் நேராகப் பாய வேண்டும். ஆனால் நம் அர்ச்சுனா நதி நேராகப் போகிற இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இடது கைப் பக்கம் ஒரு வளைவு, அது முடிவதற்குள் வலது கைப் பக்கம் ஒரு வளைவு. வைப்பாறும் அப்படித்தான். இந்த வளைவு ஏன் உண்டாகிறது, உண்டான இடத்திலேயே ஏன் நிற்பதில்லை, அது நகரும்போது நம் புஞ்சை என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நான் நேரில் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அர்ச்சுனா நதிக் கரையில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். ஆற்றின் இக்கரையில் ஒருவருக்குப் பருத்திப் புஞ்சை, அக்கரையில் இன்னொருவருக்குச் சோளக்காடு. இருவரும் மாமன், மாப்பிள்ளை முறை. மாமன் புஞ்சை, ஆறு திரும்புகிற வெளிப்பக்கத்தில் இருக்கிறது. நான் முதலில் பார்த்தபோது அவர் கிணற்றிலிருந்து கரை விளிம்பு 60 எட்டு தூரம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் போனபோது 22 எட்டு. அக்கரையிலோ மணல் திட்டு வளர்ந்து, மாப்பிள்ளை அதில் வெள்ளரி போட்டிருந்தார்.

"ஏ மாப்ளே, என் மண்ணு அம்புட்டும் உன் பக்கந்தானே கெடக்கு" என்பார் மாமன். "ஆறு கொண்டாந்து போட்டதுக்கு நான் என்ன செய்ய மாமா?" என்பார் அவர். முதலில் கேலிப் பேச்சாகத்தான் இருந்தது. பிறகு பஞ்சாயத்துக்குப் போயிற்று. ஒரு கல்யாண வீட்டுக்கு ஒருவர் போகாத அளவுக்கு முற்றிப்போயிற்று. இருவரில் யார் சொன்னது சரி என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஒரு சட்டியும் ஒரு பிடி மணலும்

பஸ்ஸில் சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும்போது டிரைவர் வேகமாக ஒரு வளைவில் திருப்பினால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? வளைவின் வெளிப்பக்கம். தண்ணீரும் அப்படியே. வளைவில் திரும்பும்போது மேல்மட்டத் தண்ணீர் வேகத்தோடு வெளிக்கரையைப் போய் முட்டுகிறது. அங்கே நீர்மட்டம் மிகச் சிறிதளவு உயர்கிறது. உயர்ந்த தண்ணீர் எங்காவது போக வேண்டுமே! அது கரையை ஒட்டிக் கீழே இறங்கி, ஆற்றின் அடிப்பக்கமாக உள்கரையை நோக்கித் திரும்புகிறது. முன்னால் ஓடிக்கொண்டே இப்படிக் கயிறு முறுக்கினாற்போலச் சுழன்று போகிறது. இறங்குகிற இடத்தில் கரையின் அடியை அரிக்கிறது. அடிப்பக்கம் போகும் தண்ணீருக்குத் தரையோடு உரசுவதால் வேகம் குறைவு. தான் உருட்டிக்கொண்டு வந்த மணலை அது உள்கரை ஓரத்தில் போட்டுவிடுகிறது.

இதை நம்பாதவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அடி தட்டையான சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி மணலைப் போட்டு, அகப்பையால் வட்டமாகக் கலக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். மணல் ஓரத்துக்குத்தான் போகும் என்று நினைப்போம். நடுவில் வந்து குவியும். டீ டம்ளரில் தூள் நடுவில் கூடுவதும் இதனால்தான். விஞ்ஞானி ஐன்ஸ்டீன், இந்தத் தேயிலைத் தூள் கணக்கை வைத்தே ஆற்று வளைவை விளக்கி 1926-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் டீ டம்ளரைப் பார்த்து யோசித்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

ஆக, வெளிக்கரை அரிபடும், உள்கரை வளரும். வெளிக்கரை ஓரத்தில் ஆழமான இடம் உண்டாகும். அதைத்தான் நீங்கள் கசம் என்றும் மடு என்றும் சொல்கிறீர்கள். ஆற்றில் தண்ணீர் வற்றினாலும் கசத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் ஆழமில்லாத இடம் வரும். அங்கேதான் மாட்டு வண்டி இறங்கிக் கடக்கும்.

வளைவுக்கு ஓர் அளவும் உண்டு. ஓர் இடப்பக்க வளைவும் ஒரு வலப்பக்க வளைவும் சேர்ந்த முழு நீளம், ஆற்றின் அகலத்தைப் போலச் சுமார் 10 முதல் 14 மடங்கு இருக்கும் என்று உலகெங்கும் ஆறுகளை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 30 மீட்டர் அகலமுள்ள ஆறு என்றால் 300 முதல் 400 மீட்டருக்கு ஒரு முழு வளைவு. உங்கள் ஊர் ஆற்றை அளந்து பாருங்கள், ஏறக்குறைய வரும். மணலை அள்ளியோ பாறை குறுக்கிட்டோ இருந்தால் கணக்குத் தப்பும்.

இன்னொன்று மிக முக்கியம். வளைவின் நடு முனையில்தான் அரிப்பு அதிகம் என்று பலரும் நினைக்கிறோம். அங்கே அரிப்பு உண்டு. ஆனால் மிகுதியான அரிப்பு அந்த முனையைத் தாண்டிக் கொஞ்சம் கீழ்ப்பக்கத்தில்தான். ஓடி வருகிற தண்ணீருக்குத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கிறது அல்லவா? ஆகையால் வளைவு வெளிப்பக்கமாகப் பெருப்பதோடு, ஆறு ஓடும் திசையில் கீழ்நோக்கியும் மெல்ல நகர்கிறது. இன்று உங்கள் மேலண்டைக்காரர் இழக்கும் கரை, சில ஆண்டுகளில் உங்கள் முறையாக வரலாம்.

மாமன் மண் எங்கே போனது?

1945-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க்கில், ஃப்ரீட்கின் என்ற பொறியாளர் பெரிய மணல் தொட்டிகளில் சிறு ஆறுகளை ஓடவிட்டு ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். வெளிக்கரையிலிருந்து விழும் மணலின் பெரும்பகுதி எதிர்க்கரைக்குப் போகவில்லை. அதே கரைப் பக்கமாகக் கீழே போய், அடுத்த வளைவின் உள்பக்கத் திட்டில்தான் படிந்தது.

இதை நம் கிராமத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். மாமன் புஞ்சையிலிருந்து விழுந்த மணல், மாமன் இருக்கும் அதே கரையில், நாலைந்து புஞ்சை தள்ளிக் கீழே இன்னொருவர் ஓரத்தில் கிடக்கிறது. மாப்பிள்ளை வெள்ளரி போட்ட மணலோ, மாப்பிள்ளையின் பக்கத்திலேயே மேலே யாரோ ஒருவர் கரையிலிருந்து வந்தது. இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்ததற்கு ஆற்றில் ஆதாரம் இல்லை! இதை அவர்களிடம் சொன்னபோது மாமன் நம்பவில்லை. மாப்பிள்ளை உடனே நம்பினார்.

இதில் நமக்கு ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. திட்டில் சேருவது மணலும் சரளையும்தான். கரிசலின் நயமான களிமண் தண்ணீரில் கரைந்து கலங்கலாகப் போய்விடும். அது அணையிலோ கண்மாயிலோ தங்கும், அல்லது மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேரும். நூறாண்டு எருப் போட்ட மண் போய், அதற்கு ஈடாக ஆறு வேறொருவருக்குக் கொடுப்பது வெறும் மணல்.

திட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் வருவோம். 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆற்றுப் படுகை அரசின் சொத்து. உங்கள் பட்டா எல்லைக்கு அப்பால் வளர்ந்த திட்டில் வெள்ளரி போட்டுவிட்டதால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. மறுபக்கம், ஆறு தின்ற நிலத்தின் பரப்பு பட்டாவில் தானாகக் குறைவதும் இல்லை. காகிதத்தில் 3 ஏக்கர் இருக்கும், உழுவதற்கு இரண்டே முக்கால்தான் இருக்கும்.

ஆற்றின் மேல் வழக்கு என்பது இன்று நேற்று வந்ததல்ல. துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் மியாண்டர் என்றொரு ஆறு. அது வளைந்து வளைந்து போவதால், ஆற்று வளைவு என்பதற்கே ஆங்கிலத்தில் அந்த ஆற்றின் பெயரை வைத்துவிட்டார்கள். அதன் கரையில் நிலம் இழந்தவர்கள் ஆற்றின் மீதே வழக்குப் போடுவார்களாம். ஆறு குற்றவாளி என்று தீர்ப்பானால், ஓடத்துறையில் வசூலாகும் கட்டணத்திலிருந்து அபராதம் கட்டுவார்களாம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஸ்திராபோ என்ற கிரேக்க அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் அர்ச்சுனா நதியில் ஓடமும் இல்லை, வசூலும் இல்லை.

காய்ந்த ஆறு நகருமா?

"ஆண்டில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிற ஆறு எங்கே ஐயா நகரப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நம் ஆறு அந்த வேலையை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில், சில சமயம் ஒரே இரவில் முடித்துவிடும். இடையில் நாலைந்து ஆண்டு பெரிய வெள்ளமே வராது. அந்த இடைவெளியில் நாம் கரையை மறந்துபோகிறோம். பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போய்விட்டுப் புஞ்சையைத் தரிசாகப் போட்டவர்களுக்குக் கரை விழுந்த செய்தி அடுத்த பொங்கலுக்குத்தான் தெரியவருகிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 80 சென்டிமீட்டர்தான். ஸ்ரீவைகுண்டம் பகுதியில் ரயில் பாதைக்கு அடியிலிருந்த மண்ணே அடித்துக்கொண்டு போயிற்று. அப்படியொரு மழை சாத்தூருக்கு மேற்கே பெய்திருந்தால் வைப்பாறு என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. கோடையில் அது வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கரை ஓரத்தில் அந்த வெடிப்புகளில் சில, கரைக்கு இணையாக நீளவாக்கில் விடும். மழை பெய்யும்போது வெடிப்பில் தண்ணீர் இறங்கும். வெள்ளம் நிறைந்து ஓடும்போது கரை முழுவதும் ஊறி, கனத்துப்போய் நிற்கும். ஆனாலும் அப்போது விழாது. ஆற்றில் நிற்கும் தண்ணீரே அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளம் சட்டென்று வடிந்தவுடன் முட்டுப் போய்விடுகிறது. ஊறிய கரை தன் கனம் தாங்காமல் பாளம் பாளமாகச் சரிகிறது. எனவே வெள்ளம் வடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கரை விளிம்பில் நிற்காதீர்கள். ஆடு மாடுகளையும் ஓட்டாதீர்கள். "தண்ணி எறங்கிருச்சு, பாத்துட்டு வருவோம்" என்று பிள்ளைகள் போய் நிற்பது அந்த நேரத்தில்தான்.

பல இடங்களில் கரிசலுக்கு அடியில் மணலோ சரளையோ இருக்கும். அந்த அடுக்கை ஆறு முதலில் உருவிவிடும். மேலே கரிசல் தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குக் கரை முழுதாக இருப்பதுபோலத் தோன்றும். கீழே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அடியில் சுக்கான் இருக்கும் இடங்களில் இந்த ஆபத்துக் குறைவு.

தாவுகிற ஆறு

இதுவரை சொன்னது ஆறு மெல்ல நகர்வதைப் பற்றி. ஆறு சில சமயம் ஒரேயடியாகத் தாவியும் விடும். வளைவு பெருத்துப் பெருத்து, இரண்டு முனைகளும் கிட்ட வந்துவிட்டால், ஒரு வெள்ளத்தில் நடுவிலுள்ள குறுகிய நிலத்தை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். விடுபட்ட பழைய வளைவு குளம்போலத் தேங்கி நிற்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைக் குருட்டு ஆறு என்றும் குதிரைக் குளம்பு ஏரி என்றும் சொல்கிறார்கள். பீகாரில் கன்வர் ஏரி இப்படி உண்டானது. மிசிசிப்பி ஆறு 1881-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்துக் கஸ்காஸ்கியா என்ற ஊருக்குப் பக்கத்தில் இப்படி அறுத்தது. ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஊர் மேற்கே போய்விட்டது. இன்றும் அந்த ஊர்க்காரர்கள் ஆற்றின் அக்கரையில் இருந்துகொண்டு இக்கரை மாநிலத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தாவலும் உண்டு. பீகாரின் கோசி நதி மலையிலிருந்து அளவில்லாத மண்ணைக் கொண்டுவந்து தன் படுகையையே மேடாக்கிக்கொள்ளும். பிறகு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவிடும். இப்படியே 200 ஆண்டுகளுக்கு மேலாக மேற்கே மேற்கே நகர்ந்து 100 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போய்விட்டது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்ற இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு, எப்போதோ விட்டுவந்த கிழக்குப் பாதைகளில் மறுபடியும் பாய்ந்தது. ஆறு வராது என்று தலைமுறைகளாகக் குடியிருந்த லட்சக்கணக்கானோர் வீடு வாசல் இழந்தார்கள்.

நம் நாட்டில் பாலாறு ஒரு காலத்தில் இன்றைய கொசஸ்தலை ஆற்றின் வழியாக வடக்கே போய்க் கடலில் விழுந்தது. கொசஸ்தலைக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்ற பெயர் அதனால்தான். காவிரியிலும் இந்த ஆபத்து வந்தது. கொள்ளிடம் சரிவு மிகுந்த, கடலுக்குக் குறுக்கான வழி. 1800-களின் தொடக்கத்தில் கொள்ளிடம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. 1836-ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியது, கொள்ளிடத்தின் இழுப்பைத் தடுத்துக் காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பத்தான். அன்று அதைக் கட்டாமல் விட்டிருந்தால் தஞ்சாவூர் இன்று நாம் அறிந்த தஞ்சாவூராக இருக்குமா என்பது சந்தேகமே.

வைப்பாறு அவ்வளவு பெரிய ஆறு அல்ல. ஆனால் உங்கள் புஞ்சையிலேயே பழைய ஆற்றின் தடம் இருக்கக்கூடும். கரிசல் காட்டின் நடுவே பிறை வடிவில் ஒரு பட்டை மட்டும் மணல் கலந்து வெளிறி இருக்கிறதா? பருத்தி அந்தப் பட்டையில் மட்டும் முதலில் வாடுகிறதா? அது பழைய ஆறாகவோ ஓடையாகவோ இருக்கலாம். அங்கே கிணறு வெட்டினால் நல்ல ஊற்றுக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வீடும் மோட்டார் அறையும் அங்கே வேண்டாம். மேலே ஒரு கண்மாய் உடைந்தால் தண்ணீர் முதலில் தேடிவரும் பள்ளம் அதுதான். நம் முன்னோர் இதில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தமிழக அரசு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, சங்கு வளையலும் கண்ணாடி மணியுமாக எடுத்த இடம் வைப்பாற்றின் வடகரையில்தான். அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் மேட்டுக்காடு.

நாமே ஆற்றுக்குக் கற்றுக்கொடுப்பவை

ஆறு நகர்வது இயற்கை. ஆனால் அதை நாம் விரட்டவும் செய்கிறோம். மணல் அள்ளிய குழியில் வெள்ளம் வந்து விழும்போது, குழியின் மேல்விளிம்பு இடிந்து, பள்ளம் ஆற்றின் மேற்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். படுகை தாழ்ந்தால் கரையின் கால் அறுபடும். கால் இல்லாத கரை நிற்காது. அணைக்குக் கீழேயும் இதே கதைதான். ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, வெம்பக்கோட்டை அணைகள் நமக்குப் பாசனம் தருகின்றன, அதில் மறுப்பில்லை. ஆனால் ஆறு கொண்டுவரும் மணலில் பெரும்பங்கை அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. மணல் சுமையில்லாமல் வெளியேறும் தண்ணீர், கீழே உள்ள படுகையிலும் கரையிலும் அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ளப் பார்க்கும்.

வேலிக்கருவையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஆற்றின் நடுவில் முளைத்த கருவை மணலைப் பிடித்து மேடாக்கும். மேட்டுக்கு இருபுறமும் தண்ணீர் பிரிந்து இரண்டு கரையையும் தாக்கும். எனவே நடுப்படுகைக் கருவை போகத்தான் வேண்டும். ஆனால் கரைச் சரிவில் நிற்கும் கருவை விஷயம் வேறு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு பல ஊர்களில் இயந்திரத்தை விட்டு வேரோடு தோண்டினார்கள். கண்மாயில் அது சரி. ஆற்றங்கரைச் சரிவில் வேரோடு தோண்டுவது, தையலைப் பிரித்துவிட்டுத் துணி கிழிகிறதே என்பது போலத்தான். அங்கே மரத்தை அறுத்துக் கரிமூட்டத்துக்குக் கொடுங்கள். தூரை அப்படியே விட்டுவிட்டுத் துளிரை மட்டும் அவ்வப்போது கழியுங்கள். பக்கத்திலேயே வேறு மரம் வேர் பிடித்த பின் தூரைப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

ஒரு சிறு விவசாயி தனியாக நின்று ஆற்றைக் கட்டிப்போட முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. மாமன் நாலு டிராக்டர் கல்லைக் கொண்டுவந்து கரை மேலிருந்து கொட்டினார். அந்த ஆண்டு வெள்ளத்தில் கரையின் அடி போனது, கல் முழுவதும் கசத்துக்குள் போயிற்று. கல் போட்டது தவறில்லை, போட்ட இடம்தான் தவறு. கல் போடுவதானால் ஆறு காய்ந்திருக்கும்போது கரையின் காலில் வாய்க்கால் போலத் தோண்டி அங்கிருந்து போட்டு வர வேண்டும். அரிபடுகிற இடத்தில் மட்டும் போட்டால் ஆறு கல்லுக்குப் பின்னால் புகுந்துவிடும். அரிப்பு இல்லாத திடமான கரையில் மேலே தொடங்கி, வளைவு முடிந்து கீழ்க்கரையும் கொஞ்சம் தாண்டும்வரை போட வேண்டும். இது நாலைந்து பேர் புஞ்சையைத் தொடும் வேலை. நீர்வளத் துறைக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் தனித்தனியே மனுக் கொடுப்பதைவிட, வளைவு முழுவதற்கும் ஒரே மனுவாக அத்தனை பட்டாதாரர்களும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எதிர்க்கரைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முளை அடித்து முள் கட்டி ஆற்றுக்குள் தடுப்பு நீட்டினால் தண்ணீர் அவர்கள் கரைக்குத் திரும்பும் என்பதை மறக்க வேண்டாம்.

செலவில்லாத வேலைகள் சில உண்டு. உங்கள் புஞ்சை மழைநீர் கரை விளிம்பு வழியாக ஆற்றில் விழுகிறதா என்று பாருங்கள். கரை அரிப்பில் பாதி ஆற்றிலிருந்து வரவில்லை, புஞ்சையிலிருந்து வருகிறது என்று நான் எண்ணும்படியான இடங்களைப் பார்த்திருக்கிறேன். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு வரப்புப் போட்டு, தண்ணீரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே படிப்படியாகக் கல் அடுக்கி இறக்குங்கள். விளிம்பு ஓரத்தில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், அந்தப் பத்தடியை உழவும் செய்யாதீர்கள்.

செங்குத்தான கரையில் புல் நிற்காது. உயரம் ஓர் அடிக்கு இரண்டடி வீதம் சரிவாக்கினால்தான் வேர் பிடிக்கும். வெட்டிவேரைக் கரைக்கு இணையாக, அரை அடிக்கு ஒரு நாற்று வீதம், வரிசைக்கு வரிசை மூன்றடி உயர வித்தியாசத்தில் நடலாம். நல்ல மண்ணில் அதன் வேர் 2, 3 மீட்டர் நேர்கீழே இறங்கும். மேல் வரிசைகளைப் புரட்டாசியில் நடலாம். கீழ் வரிசைகளைப் புரட்டாசியில் நட்டால் கார்த்திகை வெள்ளம் பிடுங்கிப் போய்விடும். வெள்ளம் வடிந்து மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழி, தையில் நட்டு, கோடையில் குடத்துத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுவதுதான் மேல் என்பது என் கருத்து. சரிவின் மேல்பக்கத்தில் நொச்சி, புங்கம், நீர்மருது வைக்கலாம். மருதுக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயர். அர்ச்சுனா நதிக் கரையில் அர்ச்சுன மரம் இல்லாதிருப்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. விளிம்பிலேயே கனத்த மரம் வேண்டாம். அது சாய்ந்தால் கரையையும் சேர்த்துக்கொண்டு போகும்.

எல்லாவற்றுக்கும் முன் அளந்து வையுங்கள். கிணற்று மேடை, சர்வே கல், பழைய வேம்பு என்று அசையாத ஒன்றிலிருந்து கரை விளிம்புக்கு மூன்று இடங்களில் கயிறு பிடித்து அளவெடுங்கள். புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை. வீட்டு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று ஆண்டு அளவு இருந்தால் கரை எந்தப் பக்கம், எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். சர்வே துறையின் புல வரைபடத்தில் அந்நாளைய ஆற்றோரம் இருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் கணினியில் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை எடுத்துக் காட்டுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுக்கு மனுக் கொடுக்கும்போது இந்த அளவுகளையும் சேர்த்துக் கொடுத்தால் மனுவுக்கு மதிப்புக் கூடும்.

மாமன் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். கிணற்றைக் காப்பாற்ற முடியாது என்று ஒரு முடிவுக்கு வந்து, மோட்டார் அறையை மேற்கே தள்ளிக் கட்டிக்கொண்டார். கரை ஓரத்தில் 40 அடிப் பட்டையை உழாமல் விட்டுப் புங்கமும் நொச்சியும் வைத்திருக்கிறார். அரைக்கால் ஏக்கர் அளவுக்கு வெள்ளாமை போயிற்று என்ற வருத்தம் அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. கடைசியாகப் பெய்த மழைக்குப் பிறகு நான் போனபோது 22 எட்டு 19 ஆகியிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நின்றவர் மாப்பிள்ளை.

புல வரைபடம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். உங்கள் வளைவை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.